நித்திரையின் அளவும் நீதியின் அளவும்

நித்திரையை ஒழுக்கத்தோடு சார்த்தி மதிப்பிடுவது மனித சமுதாயத்தில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். வைகறையில் எழுபவன் முயற்சியுடையவன். நேரங்கழித்து எழுபவன் சோம்பேறி. இரவு முழுவதும் விழித்திருந்து கருமமாற்றுபவன் மனவுறுதி படைத்தவன். நள்ளிரவு கடந்ததும் கண்ணயர்பவன் கடமையுணர்வு அற்றவன். இத்தகைய தீர்ப்புகள் வீட்டிலும் பாடசாலையிலும் தொழிற்சாலையிலும் நாள்தோறும் வழங்கப்படுகின்றன. இவை யாவும் ஓர் எடுகோளை அடிப்படையாகக் கொண்டவை. நித்திரையின்மையைத் தாங்கும் ஆற்றல் எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒரே அளவினது. வேறுபாடு காணப்படுமாயின் அது முயற்சியின் வேறுபாடே என்பதே அவ்வெடுகோள்.

இவ்வெடுகோளை அண்மைக்கால விஞ்ஞானம் நிலைகுலையச் செய்துள்ளது. நித்திரையின்மையால் எளிதில் நலிவுறும் இயல்பு ஆளுக்காள் வேறுபடுவது. அவ்வேறுபாடு உடலில் வேரூன்றியது. அதனைக் குருதியிலும் உமிழ்நீரிலும் பரம்பரையலகுகளிலும் காணப்படும் அடையாளங்களைக் கொண்டு அறிதல் கூடும் என்ற நம்பிக்கை ஆய்வாளரிடையே வலுப்பெற்று வருகின்றது. இவ்வடையாளங்கள் உயிரியற் குறிகாட்டிகள் எனப்படும். இவற்றால் விளையும் மருத்துவ நன்மைகள் பல. எனினும், மருத்துவத்தின் எல்லைக்குள் அடங்காத ஒரு வினாவையும் இவை எழுப்புகின்றன. ஒருவனுடைய உடல் எவ்வளவு தாங்கும் என்பது அறியப்பட்ட பின்னர், அவ்வறிவு யாருக்கு உரியது? அதனைக் கொண்டு மனிதனைத் தெரிவுசெய்தல் முறையா, அன்றி வேலையைத் திருத்துதல் முறையா? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலில் விஞ்ஞானம் கண்டவை யாவை என நோக்குதல் தகும். 2004 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் டொங்கன், டேவிட் டின்ஜஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனையாகும். நல்ல சுகதேகிகளான 21 பேர், வெவ்வேறு மூன்று சந்தர்ப்பங்களில், ஒவ்வொரு முறையும் 36 மணித்தியாலம் நித்திரையின்றி வைக்கப்பட்டனர். முதன்முறை பெரிதும் தடுமாறியவரே ஏனைய முறைகளிலும் தடுமாறினர். நிலைகுலையாதிருந்தவர் மீண்டும் அவ்வாறே இருந்தனர். பரிசோதனைக்கு முந்திய வாரத்தில் நித்திரை நேரம் கூட்டப்பட்டதா குறைக்கப்பட்டதா என்பதுகூட இவ்வரிசையைப் பெரிதும் மாற்றவில்லை. பெறுபேறுகளிற் காணப்பட்ட வேறுபாட்டின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டது, ஆளின் நிலையான இயல்பினாலேயே விளக்கப்பட்டது. உயரத்தைப் போலவோ கண்ணின் நிறத்தைப் போலவோ இதுவும் ஒருவரோடு ஒட்டிநிற்கும் தன்மை என்று கருத இவ்வாய்வு இடமளித்தது.

அதே ஆய்வாளர் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. 14 நாட்களுக்கு நாளொன்றுக்கு 6 மணித்தியாலமோ அதனிலும் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனமும் நினைவாற்றலும், ஓரிரு இரவுகள் முற்றாக விழித்திருந்தவர்களின் நிலைக்குத் தாழ்ந்தன. ஆனால், எவ்வளவு நித்திரை வருகின்றது என அவர்களிடம் வினவியபோது, சில நாட்களின் பின்னர் அவர்கள் அளித்த விடைகளில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. திறன் நாள்தோறும் தேய்ந்தது. அத்தேய்வை அறியும் உணர்வு அதற்கேற்ப வளரவில்லை. ஆகவே, தன்னுடைய தகுதியைத் தானே அறிவான் என்று ஒருவனிடம் விட்டுவிடுதல் போதாது. அகநோக்கினால் அறியவியலாத ஒன்றை அறிவதற்குப் புறச்சான்று வேண்டப்படுகின்றது. உயிரியற் குறிகாட்டிகளுக்கான தேடல் இத்தேவையிலிருந்தே பிறந்தது.

அத்தேடலில் அகப்பட்டவை பலவகையின. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்னும் பதார்த்தம் திரண்டு நித்திரையை உந்துகின்றது. கோப்பியிலும் தேநீரிலும் உள்ள கபேயின் அதன் செயலைத் தடுப்பதனாலேயே விழிப்பைத் தருகின்றது. அடினோசினைச் சிதைக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகில் ஒரு சிறு வேறுபாடு உடையோர் ஏனையோரிலும் ஆழ்ந்து உறங்குவதாக 2005 ஆம் ஆண்டில் சூரிச் நகர ஆய்வாளர் கண்டனர். 2006 இல், நித்திரையின்மையால் உமிழ்நீரில் அமிலேசு என்னும் நொதியம் அதிகரிப்பது பழ ஈக்களிலும் மனிதரிலும் காட்டப்பட்டது. 2009 இல், ‘டெக்2’ எனப்படும் பரம்பரையலகில் ஓர் அரிய விகாரத்தைக் கொண்ட தாயும் மகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறேகால் மணித்தியால நித்திரையோடு இயல்பாக வாழ்வது கலிபோர்னியாவில் அறியப்பட்டது. 2019 இல் இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தார், குருதியில் 68 பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை நோக்கி, ஒருவர் முதல்நாள் இரவு உறங்கினாரா இல்லையா என்பதைப் பெருமளவு சரியாகக் கூறும் முறையொன்றை வெளியிட்டனர். 2024 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் குருதியிலுள்ள சில அனுசேபப் பொருள்களைக் கொண்டு அதனையே செய்தனர். ஒருவரின் குருதி, நன்கு உறங்கிய நாளில் எடுக்கப்பட்ட அவரது குருதியுடனேயே ஒப்பிடப்பட்டபோது அம்முறை மிகத் துல்லியமாக இருந்தது. அவ்வாறு ஒப்பிட முடியாதபோது துல்லியம் குறைந்தது.

இவற்றின் எல்லைகளையும் மறத்தலாகாது. ‘பெர்3’ எனப்படும் பரம்பரையலகு உடற்கடிகாரத்தோடு தொடர்புடையது. அதன் ஒரு வடிவத்தை உடையோர், ஓர் இரவு முழுவதும் விழித்திருந்த பின்னர், விடியற்காலையில் ஏனையோரிலும் மிகுதியாகத் தடுமாறுவதாக 2007 இல் சரே பல்கலைக்கழக ஆய்வு கூறியது. ஆயின், இரவுதோறும் சிறிது சிறிதாக நித்திரை குறைக்கப்பட்ட நிலையில் அவ்வடிவம் திறன் குறைவை முன்னறிவிக்கவில்லை என்பதை 2009 இல் பென்சில்வேனிய ஆய்வு காட்டியது. ஒரே குறி ஒருவகை நித்திரையிழப்புக்குப் பொருந்தி மற்றொருவகைக்குப் பொருந்தாதொழிகின்றது. 2004 ஆம் ஆண்டின் ஆய்விலும் இதற்கிணையான உண்மையொன்று உண்டு. தமக்கு மிகுந்த சோர்வு எனக் கூறியோரும், கணக்கிடுதல் போன்ற அறிவுத்தொழிலில் தளர்ந்தோரும், இடைவிடாக் கவனத்தில் தவறியோரும் ஒரே ஆட்கள் அல்லர். ஆதலின், ‘வலிய உடல்’, ‘மெலிய உடல்’ என்று மனிதரை இரண்டாகப் பகுக்கும் ஒற்றைக் கோடு இயற்கையில் இல்லை எனலாம்.

இவ்வறிவினால் விளையும் முதலாவது ஒழுக்கப்பயன் பெரிது. செய்யமுடியாததைச் செய்யவில்லை என்று எவனையும் பழித்தல் நீதியாகாது என்பது அறவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. இரவுக் கடமையில் கண்ணயர்ந்த காவலாளனும், பின்னிரவில் ஒரே பந்தியைப் பலமுறை வாசித்தும் பொருள் விளங்காத மாணவனும் இதுவரை பெற்றுவந்த பழிச்சொல்லில் ஒரு பகுதியேனும் தவறானது என்பதை விஞ்ஞானம் எடுத்துரைக்கின்றது. சோம்பல் என்று கூறப்பட்டது இரசாயனமாக இருக்கலாம். அதுபோலவே, மனவுறுதி என்று போற்றப்பட்டதன் ஒரு பகுதி பிறப்பினால் வந்த பேறாகவும் இருக்கலாம். இது புகழையும் பழியையும் ஒருங்கே அடக்கும் அறிவாகும்.

ஆயின், பழி நீங்குமிடத்தில் வேறொன்று வந்து குடிபுகுதல் கூடும். ‘அவன் முயலவில்லை’ என்ற தீர்ப்பு ‘அவன் பொருத்தமற்றவன்’ என்ற தீர்ப்பாக மாறுகின்றது. முன்னைய தீர்ப்புக்கு ஆளானவன் நாளை முயன்று காட்டலாம். பின்னைய தீர்ப்புக்கு ஆளானவனுக்கு அந்த வழியும் இல்லை. மேலும், ‘பொருத்தமற்றவன்’ என்ற சொல்லே ஓர் உண்மையை மறைக்கின்றது. பொருத்தம் என்பது இரு பொருள்களுக்கிடையே உள்ள உறவு. செருப்பு காலைக் கடித்தால், குறை காலிலா செருப்பிலா என்ற கேள்வி எஞ்சியே நிற்கும். குறிகாட்டி காலை மட்டுமே அளக்கின்றது. செருப்பு, அதாவது வேலையின் நேர ஒழுங்கு, அளக்கப்படாமலே தப்பிவிடுகின்றது.

இந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று என்பதற்கு வரலாறு சான்று பகரும். 1938 ஆம் ஆண்டிலேயே ஜே. பி. எஸ். ஹோல்டேன் என்னும் உயிரியலறிஞர், மட்பாண்டத் தொழிலாளரின் சுவாசநோயைக் குறித்து எழுதுகையில், பரம்பரையால் எளிதில் அந்நோய்க்கு ஆளாகக் கூடியவரைக் கண்டறிந்து அத்தொழிலிலிருந்து விலக்குதல் கூடும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். தொழிற்சாலைச் சுகாதாரம் மிகத் தாழ்ந்த நிலையில் உள்ளது என்பதையும் அவர் உடன் கூறத் தவறவில்லை. ஆனால், பின்வந்தோர் பலர் அவரது முதற்கருத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டனர். ஐக்கிய அமெரிக்காவில் மின்கலம் உற்பத்தி செய்த நிறுவனமொன்று, ஈயத்தினாற் கருவுக்குக் கேடு நேரும் எனக் காரணங்காட்டி, பிள்ளை பெறும் தகுதி அற்றவர் என நிறுவப்பட்டோர் தவிர்ந்த பெண்கள் அனைவரையும் ஈயம் படும் வேலைகளிலிருந்து விலக்கியது. 1991 இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் அதனைச் சட்டவிரோதம் எனத் தீர்த்தது. 2001 இல் மற்றொரு செய்தி வெளியாயிற்று. மணிக்கட்டு நரம்பு நோயினால் நட்டஈடு கோரிய தொழிலாளரின் குருதியை, அவர்கள் அறியாமலே, பரம்பரைச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தது ஓர் இரயில் நிறுவனம். வேலை தந்த நோயைப் பரம்பரை தந்த நோயாகக் காட்டும் வாய்ப்பை அச்சோதனை அளித்தது. அடுத்த ஆண்டில் அவ்வழக்கு இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. 2008 இல் பரம்பரைத் தகவலைக் கொண்டு தொழிலிற் பாரபட்சம் காட்டுதலைத் தடைசெய்யும் சட்டமும் அந்நாட்டில் நிறைவேறியது. எனினும், அச்சட்டம் பரம்பரையைப் பற்றியது. ஒருவருடைய உமிழ்நீர் இன்று காலை எதனைக் கூறுகின்றது என்பது அதன் வரைவிலக்கணத்துள் அடங்குவதன்று.

இதற்கு எதிராக எழுப்பப்படும் வாதம் வலிமையானது. அதனை இலேசாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பேருந்தைச் செலுத்துபவரின் கண் ஒரு கணம் மூடினால் அழிவது அவருடைய உயிர் மட்டுமன்று. 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயற்றிறன், குருதியில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்குத் தாழ்வதாக 1997 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று காட்டியுள்ளது. மது அருந்தியவரைச் சோதித்துத் தடுப்பது முறையென்றால், நித்திரையிழந்தவரைச் சோதித்துத் தடுப்பது எவ்வாறு முறைகேடாகும்? பயணிகளின் உயிரைக் காட்டிலும் சாரதியின் அந்தரங்கம் பெரிதா?

இவ்வாதத்துக்கு விடைகாண்பதற்கு, இரண்டு வகைக் குறிகாட்டிகளை வேறுபடுத்துதல் வேண்டும். ஒன்று, ஒருவருடைய இன்றைய நிலையைக் காட்டுவது. மற்றையது, அவருடைய என்றுமுள்ள இயல்பைக் காட்டுவது. ‘இவர் நேற்று உறங்கவில்லை’ என்பது முன்னையது. ‘இவர் உறங்காவிடில் ஏனையோரிலும் விரைவாகத் தளர்வார்’ என்பது பின்னையது. மதுசாரச் சோதனை முன்னைய வகையைச் சார்ந்தது. அது நேர்ந்துவிட்ட ஒரு நிலையைப் பற்றிப் பேசுகின்றது. சில மணித்தியாலங்களில் மாறக்கூடியது. எல்லாருக்கும் ஒரே அளவுகோலைக் கொண்டது. பின்னைய வகை, நேராத ஒன்றைக் குறித்து எதிர்வுகூறுகின்றது. வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்கின்றது. தனியொருவனை, அவனைப் போன்ற கூட்டத்தின் சராசரியைக் கொண்டு தீர்ப்பிடுகின்றது. பொதுமக்களின் பாதுகாப்பு முன்னையதை வேண்டலாம். பின்னையதை வேண்டுவதற்கு அது போதிய நியாயமன்று. நன்கு உறங்கி வந்த ‘மெலிந்த’ சாரதி, உறங்காது வந்த ‘வலிய’ சாரதியிலும் பயணிகளுக்கு ஆபத்தானவர் என்று கூற அச்சோதனை எவ்வித ஆதாரமும் தராது.

முன்னைய வகையிலும் மற்றொரு நுட்பம் உண்டு. மதுவை அருந்தியவர் தாமே அருந்தினார். நித்திரையை இழந்தவரோ பெரும்பாலும் தாமே அதனை இழப்பதில்லை. மாலையில் முடிந்த வேலைக்கும் மறுநாட்காலையில் தொடங்கும் வேலைக்கும் இடையே எத்தனை மணித்தியாலம் என்பதைத் தீர்மானித்தவர் வேறொருவர். ஆதலின், காலையில் வாயிலில் நின்று தொழிலாளியின் உமிழ்நீரைச் சோதிக்கும் நிறுவனம், அப்பெறுபேற்றைத் தன்னுடைய நேர அட்டவணையின் மீதும் பொருத்திப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளது. பத்துப் பேரில் ஒருவருக்கு நித்திரைக் கடன் காணப்படின் அது அவருடைய வீட்டுக் காரியமாக இருக்கலாம். பத்துப் பேரில் எழுவருக்குக் காணப்படின் அது அட்டவணையின் குற்றம். ஒரே சோதனை, யாரை நோக்கித் திருப்பப்படுகின்றது என்பதைப் பொறுத்து, நீதியின் கருவியாகவும் அநீதியின் கருவியாகவும் அமைகின்றது.

விலக்கப்படுபவருக்கு நேரும் தீங்கைப் பற்றியே இதுவரை கூறப்பட்டது. தெரிவுசெய்யப்படுபவரின் நிலையும் நோக்கத்தக்கது. ‘இவரது உடல் தாங்கும்’ என்று சான்றிதழ் பெற்றவரிடம் மேலும் பல இரவுகள் ஒப்படைக்கப்படும். ஆனால், பரிசோதனைக்கூடத்தில் அவர் தாங்கியது எதனை? மின்னும் ஒரு விளக்கைக் கண்டதும் பொத்தானை அழுத்தும் சோதனையில் அவர் தவறவில்லை என்பதே பெரும்பாலும் அறியப்பட்டது. இருதயத்தையும் குருதிக்குழாய்களையும் சதையியையும் அச்சோதனை வினவவில்லை. 1999 ஆம் ஆண்டில் சிக்காகோவில் நடைபெற்ற ஆய்வில், சுகதேகிகளான இளைஞர் 11 பேர் ஆறு இரவுகள் நாலு மணித்தியாலமே உறங்கவிடப்பட்டபோது, குருதியில் வெல்லத்தைக் கட்டுப்படுத்தும் அவர்களது உடலாற்றல் குன்றியது. இரவு முறைவேலை மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கக் கூடிய வாய்ப்புடையது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007 இல் வகைப்படுத்தி, 2019 இல் அதனை உறுதிசெய்தது. கண் மூடாதிருப்பவனின் உடலும் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கின்றது. விழிப்பில் வலியவன் என்பதனால் அவனுக்கு நித்திரை வேண்டியதில்லை என்றாகிவிடாது. வலிமை ஒருவனுக்குப் பாதுகாப்பாக அமைவதற்குப் பதிலாக, அவன்மீது சுமை ஏற்றுவதற்குக் காரணமாகுமெனில், அதுவும் அநீதியே.

வேலையை மாற்றுதல் நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் என்று சிலர் கூறுவர். வைத்தியத்துறையின் அனுபவம் இதற்கு விடை தருகின்றது. 1984 இல் நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் நிகழ்ந்த இளம்பெண்ணொருத்தியின் மரணம், பயிற்சி வைத்தியரின் நீண்ட கடமை நேரத்தைப் பொதுவிவாதத்துக்கு உட்படுத்தியது. அதன் விளைவாக, 1989 முதல் அம்மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்ற எல்லை விதிக்கப்பட்டது. 2004 இல் பொஸ்டன் நகர ஆய்வொன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய முதலாண்டுப் பயிற்சி வைத்தியரை நோக்கியது. ஒரு நாளுக்கும் மேற்பட்டு நீளும் கடமை முறையில், அதனை நீக்கிய முறையிலும் பார்க்க, பாரதூரமான தவறுகள் 35.9 சதவீதம் மிகுதியாக நிகழ்ந்தன. இங்கு எவருடைய பரம்பரையலகும் சோதிக்கப்படவில்லை, எவரும் விலக்கப்படவுமில்லை. மாற்றப்பட்டது அட்டவணை மட்டுமே. எனினும், மணித்தியாலத்தைக் குறைத்தல் ஒன்றே போதும் என்று கொள்ளலும் தவறு. 2020 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், குறுகிய முறைமாற்றத்தின்கீழ்த் தவறுகள் அதிகரித்தன. ஆனால், அம்முறையில் ஒவ்வொரு வைத்தியருக்கும் பொறுப்பான நோயாளரின் தொகை கூடியிருந்தது. அதனைக் கணக்கிற் கொண்டபோது அவ்வதிகரிப்பு மறைந்தது. நேரத்தைக் குறைத்துச் சுமையைக் கூட்டுதல் சீர்திருத்தமாகாது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

அவ்வாறாயின், இயல்பைக் காட்டும் குறிகாட்டிகளுக்கு எவ்விடமும் இல்லையா? உண்டு. சர்வதேச தொழில் அமைப்பு 1990 இல் நிறைவேற்றிய 171 ஆம் இலக்க இரவு வேலைச் சமவாயம் இதற்கு நல்ல வழிகாட்டி. தொழிலாளர் தாம் வேண்டுமிடத்துக் கட்டணமின்றி உடல்நலப் பரிசோதனை பெறும் உரிமையுடையர். இரவு வேலைக்குத் தகுதியில்லை என்ற முடிபு தவிர்ந்த ஏனைய முடிபுகள், அவர்தம் சம்மதமின்றிப் பிறருக்கு அறிவிக்கப்படலாகா. அவர்களுக்குப் பாதகமாகப் பயன்படுத்தப்படலுமாகா. உடல்நலம் காரணமாகத் தகுதியற்றோர் எனக் கண்டோருக்கு இயன்றவரை ஒத்த தன்மையுள்ள வேறு வேலை வழங்கப்படல் வேண்டும் என அது விதிக்கின்றது. உயிரியற் குறிகாட்டிகள் பேசப்படாத காலத்தில் எழுதப்பட்டவையாயினும் இவ்விதிகளின் நெறி இன்றும் பொருந்தும். கேட்பவன் தொழிலாளி, அறிபவன் தொழிலாளி, அவ்வறிவினால் நன்மை பெறவேண்டியவனும் அவனே.

இவ்விதிகளிலும் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகின்றது. வேறு வேலை ஒன்றுமே இல்லாத இடத்தில், தன் உடல் இரவைத் தாங்காது என்று அறிந்தவன் என்ன செய்வான்? பிள்ளைகளுக்கு உணவு வேண்டும். இரவு வேலைக்குச் சற்றுக் கூடுதலான ஊதியம் உண்டு. அவன் தன் பெறுபேற்றை மறைக்கவே முனைவான். வேலை இழந்தோருக்குரிய பாதுகாப்பை அவனுக்கும் அளிக்கவேண்டும் என அச்சமவாயம் கூறுகின்றது. அப்பாதுகாப்பு இல்லாத சமுதாயத்தில், உடலைப் பற்றிய உண்மை அவனுக்கு ஒரு சுமையாகவே அமையும். ஆகவே, இத்தகைய சோதனைகளைப் புகுத்த விரும்பும் எச்சமுதாயமும் முதலில் விடைகூற வேண்டிய கேள்வி, அவை எவ்வளவு துல்லியமானவை என்பதன்று; சோதனையில் ‘மெலியவர்’ எனக் கண்டறியப்படுபவருக்கு மறுநாள் எவ்வேலை காத்திருக்கின்றது என்பதே.

நன்கு உறங்கிய நாளின் தன்னோடேயே ஒப்பிடப்படும்போதுதான் ஒருவனுடைய குருதி உண்மையைத் தெளிவாகக் கூறுகின்றது என்பது மேலே காட்டப்பட்டது. இவ்வாய்வு முறையிலே ஓர் அறநெறியும் அடங்கியுள்ளது. மனிதரை மனிதரோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதற்காக அன்றி, ஒவ்வொருவரும் நலத்தோடு இருந்தபோது எவ்வாறிருந்தார், இப்போது எவ்வளவு குன்றியுள்ளார், அக்குறைவை உண்டாக்கியது எது என்று அறிவதற்காகவே இவ்வளவைகள் பயன்படுதல் வேண்டும். எந்த உடல் முதலில் முறியும் என்பதை விஞ்ஞானம் கூறவல்லது. எந்தச் சுமையை எந்த உடலின்மீதும் ஏற்றலாகாது என்பதைக் கூறவேண்டிய பொறுப்பு, அச்சுமையை வகுப்போருக்கும் அதனால் நன்மை பெறும் சமுதாயத்துக்குமே உரியது.